கோர்ன்வோல் குடிவழியும் கடல் கடந்த கிளைகளும்

உலகத்தில் எங்கேனும் ஆழமான குழி ஒன்றைக் கண்டால் அதன் அடியில் ஒரு கோர்ன்வோல்காரன் நிற்பான் என்றொரு பேச்சுவழக்கு ஆங்கிலேயரிடையே உண்டு. வேடிக்கைப் பேச்சுத்தான், ஆயினும் அதிற் பெரும்பகுதி உண்மை. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், அத்திலாந்திக் கடலுக்குள் காலை நீட்டிக்கொண்டு கிடக்கும் சிறிய நிலம் கோர்ன்வோல். அங்கே வெள்ளீயமும் செம்பும் விளைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகச் செம்புச் சந்தையில் அதற்கு முதன்மையான இடம் இருந்தது. பின்னர் சிலியிலும் மிச்சிகனிலும் தென் அவுஸ்திரேலியாவிலும் செம்பு மலிவாகக் கிடைக்கலாயிற்று. 1866 இல் விலை வீழ்ந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1870களில் வெள்ளீயத்துக்கும் அதே கதி நேர்ந்தது. 1861 இல் ஏறத்தாழ 3 இலட்சத்து 69 ஆயிரமாக இருந்த அந்நிலத்தின் குடிசனம் 1901 இல் 3 இலட்சத்து 22 ஆயிரமாகக் குறைந்தது. இங்கிலாந்து முழுவதும் மக்கள்தொகை பெருகிக்கொண்டிருந்த அதே நாற்பது ஆண்டுகளில் இது நிகழ்ந்தது என்பதை நேயர்கள் மனங்கொள்ளல் வேண்டும்.

போனவர்கள் எங்கே போனார்கள்? தம்முடைய ஊர்ச் சுரங்கங்களை மூடவைத்த அதே செம்பை வெட்டத்தான் போனார்கள். புதிய நிலங்களிற் செம்பு இருந்தது, வெள்ளி இருந்தது, பொன் இருந்தது. ஆழக் குழி இறக்கவும், குழிக்குள் ஊறும் நீரை இயந்திரம் வைத்து இறைக்கவும் தெரிந்த கைகள் இருக்கவில்லை. கோர்ன்வோல் மனிதருக்கு அந்த வித்தை பரம்பரைச் சொத்து. அமெரிக்கச் சுரங்கங்களில் அவர்களுக்குக் ‘கசின் ஜாக்’ என்ற பட்டப்பெயர் உண்டாயிற்று. இன்னும் ஆள் வேண்டுமா என்று முதலாளி வாய் திறக்குமுன், ஊரில் என் மைத்துனன் ஜாக் இருக்கிறான், கூப்பிடட்டுமா என்று கேட்பார்களாம். அதனால் வந்த பெயர் என்று கதை சொல்வர்.

இன்று அந்த ஜாக்குகளின் பேரப்பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் தென்னாபிரிக்காவிலும் இருந்துகொண்டு வேர் தேடுகிறார்கள். அவர்களின் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு பெயரும், ‘கோர்ன்வோலிலிருந்து வந்தவர்’ என்ற ஒரு சொற்றொடருந்தான். மறுமுனையில், கோர்ன்வோலில் எஞ்சியிருக்கும் குடும்பத்தாரின் கையில் இருப்பது, ‘தாத்தாவின் தமையன் பிறநாடு போனவர்’ என்ற இன்னொரு சொற்றொடர். இந்த இரண்டு முனைகளையும் முடிச்சுப் போடுவதற்குத்தான் பழைய ஏடுகள் வேண்டியிருக்கின்றன.

தமிழ் படிப்பிக்கிற ஒருவனுக்கு இதில் என்ன கரிசனை என்று கேட்கலாம். ஓர் ஏட்டுப் பிரதியை இன்னொரு பிரதியோடு ஒப்புநோக்கி, எது மூலபாடம், எது எழுதுவோன் வழுவென்று பிரித்தறியும் பயிற்சி எங்கள் துறைக்குப் புதிதன்று. குடிவழி தேடுவோர் செய்வதும் அதே வேலை. வேறுபாடு ஒன்றே: அங்கே பாடம் தவறினால் ஒரு செய்யுள் கெடும், இங்கே தவறினால் ஒருவன் பிறிதொருவனின் பாட்டனுக்குப் பேரனாகிவிடுவான்.

பிறந்த ஊர் முனையிலிருந்து தொடங்குவோம். எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சர் தோமஸ் குரொம்வெல், 1538 இல் ஓர் ஆணை பிறப்பித்தார். நாட்டிலுள்ள ஒவ்வொரு கோயிற்பற்றிலும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் குருவானவர் ஒரு கொப்பியில் எழுதி வைத்தல் வேண்டும் என்பது அந்த ஆணை. வரி போடுவதற்கான சூழ்ச்சி இது என்று சனங்கள் முணுமுணுத்தார்கள். கடதாசியில் எழுதியவை கெட்டுப்போவதைக் கண்டு, 1598 இல், இனித் தோலேடுகளில் எழுதுக, பழையவற்றையும் பெயர்த்தெழுதுக என்று இன்னோர் ஆணை வந்தது. எலிசபெத் அரசி அரியணையேறிய 1558 முதலாகப் பெயர்த்தாற் போதும் என்று அதில் ஒரு சலுகையும் இருந்தமையால், சோம்பல் மிக்க குருமார் அதற்கு முந்திய இருபது ஆண்டுகளைக் கைகழுவிவிட்டார்கள். கோர்ன்வோலின் இருநூறுக்கும் மேற்பட்ட பழைய கோயிற்பற்றுகளில் 1538 வரை போகக்கூடிய ஏடுகள் சிலவற்றில் மாத்திரமே உள்ளமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஏடுகளைப் படிப்பவன் முதலில் இடறி விழும் இடம் நாட்காட்டி. 1752 வரைக்கும் இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது ஜனவரி முதலாந் திகதியன்று. மார்ச் 25 ஆந் திகதி. ஆகவே 1720 டிசெம்பருக்குப் பின்வரும் பெப்ரவரியும் ஏட்டில் 1720 என்றே இருக்கும். 1720 ஏப்ரலில் ஒரு சோடிக்கு விவாகம் என்றும், 1720 பெப்ரவரியில் அவர்களின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றும் கண்டால், பிள்ளை விவாகத்துக்கு முன் பிறந்தது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அது பத்து மாதம் கழித்து ஒழுங்காகப் பிறந்த பிள்ளை. எத்தனை பாட்டிமாருக்கு இப்படி வீண்பழி ஏற்பட்டிருக்குமோ! 1752 இல் செப்டெம்பர் 2 ஆந் திகதிக்கு மறுநாளைச் செப்டெம்பர் 14 ஆக்கிப் புதிய நாட்காட்டிக்கு மாறினார்கள். இடைப்பட்ட பதினொரு நாள்களில் எவரும் பிறக்கவுமில்லை, சாகவுமில்லை.

1754 முதல் விவாகத்துக்கென்று தனி ஏடு வந்தது. மணமக்கள் அதிற் கையொப்பம் இடல் வேண்டும். எழுத்தறியாதவர் ஒரு குறுக்குக் கீற்றுப் போட்டனர். அதன் அருகில் ‘இன்னாரின் அடையாளம்’ என்று குருவானவர் எழுதினார். சுரங்கத்து மேற்றளத்தில் சுத்தியலாற் செப்புக்கல் உடைத்த பெண்களைக் கோர்ன்வோலில் ‘பால் மெய்டன்’ என்பர். ‘பால்’ என்றால் அம்மொழியிற் சுரங்கம். கல்லுடைத்த அந்தப் பெண்கள் பலரின் கை காகிதத்திற் பட்டது வாழ்நாளில் அந்த ஒரே தடவைதான். அந்தக் கீற்றுக்களைப் பார்க்கும்போது, நீண்ட கையொப்பங்களைப் பார்ப்பதிலும் எனக்கு மனம் இளகுகிறது. 1813 இல் அச்சிட்ட படிவங்கள் வந்தன. ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் தொழிலும் குடியிருந்த இடமும் எழுதப்படலாயின. இதனால் ஆராய்ச்சியாளர் அடைந்த நன்மை பெரிது. 1837 யூலை முதலாந் திகதி முதல் அரசாங்கமே பிறப்பு, இறப்பு, விவாகங்களைப் பதியத் தொடங்கிற்று.

இனிப் பெயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். விஷயத்தின் முழுச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. கோர்ன்வோலுக்கு ஆங்கிலத்தின் வேறான சொந்த மொழி ஒன்று இருந்தது; வேல்ஸ், பிறித்தன் மொழிகளுக்கு உறவானது. ‘ட்ரெ’ என்றால் குடியிருப்பு, ‘பொல்’ என்றால் குளம், ‘பென்’ என்றால் தலை அல்லது முனை. இவற்றில் ஒன்றைத் தொடக்கமாகக் கொண்ட குடும்பப்பெயரைக் கண்டவுடன் ஆள் எந்த நாட்டான் என்று சொல்லிவிடலாம். ‘அங்கோவ்’ என்ற பெயரின் பொருள் கொல்லன். ‘டயக்’ என்றால் உழவன். இத்தகைய பெயருடையவரைத் தேடுவது எளிது. ஆனால் மேற்குக் கோர்ன்வோலிற் பெருந்தொகையானோர் தந்தையின் பெயரையே தம் பெயருக்குப் பின்னால் வைத்தனர். ஜோன் தோமஸ் என்பவரின் மகன் ரிச்சர்ட் ஜோன் ஆவான். அவனுடைய மகன் வில்லியம் ரிச்சர்ட் ஆவான். தந்தை பெயரை முன்னால் வைக்கும் எம்மவருக்கு இது விளங்கும். ஆங்கிலச் சட்டமும் கச்சேரியும் நெருக்கவே, ஏதோ ஒரு தலைமுறையில் பெயர் உறைந்து நின்றுவிட்டது. ஒரே பாட்டனின் மூன்று ஆண்மக்களின் சந்ததியார் மூன்று வெவ்வேறு குடும்பப்பெயரோடு இருக்கவும், ஒட்டுறவே இல்லாத முப்பது குடும்பங்கள் ‘வில்லியம்ஸ்’ என்ற ஒரே பெயரோடு இருக்கவும் இதனால் நேர்ந்தது.

இன்னொன்று. பிள்ளை சிறுவயதிற் செத்துப்போனால் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அதே பெயரை இடுவது வழக்கமாயிருந்தது. ஞானஸ்நான ஏட்டை மாத்திரம் பார்த்தவன் முதலாவது ஜேம்ஸைப் பிடித்துக்கொண்டு அவுஸ்திரேலியா வரை போய்விடுவான். அடக்க ஏட்டைப் புரட்டினால், அந்த ஜேம்ஸ் எட்டு மாதக் குழந்தையாய் மண்ணுக்குள் போனவன் என்பது தெரியவரும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமும் அங்கே வலுவாக இருந்தது. பெயரைத் தாங்கியதாலேயே அவன் பெயரன், பேரன் என்று எங்கள் மொழி சொல்கிறதல்லவா? ஒரு கோயிற்பற்றில் ஒரே காலத்தில் அரை டசின் ஜோன் வில்லியம்ஸ் இருப்பார்கள். எல்லோரும் சுரங்கத் தொழிலாளர். மூவரின் மனைவியர் பெயர் மேரி. பெயர் ஒத்தது, ஊர் ஒத்தது, வயதும் ஏறத்தாழ ஒத்தது என்பதால் ஆளும் ஒத்தான் என்றாகாது. மற்ற ஐந்து ஜோன்களையும் ஒவ்வொருவராகக் கழித்த பின்னரே எஞ்சியவனைத் தாத்தா என்று அழைக்க உரிமை உண்டு. அவசரக்காரர்கள் இந்தக் கழித்தலைச் செய்வதில்லை. இன்று கணினித் திரைகளில் பரவிக் கிடக்கும் வம்சவிருட்சங்களிற் பாதி இப்படிப் பிறர் வீட்டு மரத்தில் ஒட்டிய கிளைகளைத் தாங்கி நிற்பவை என்பது என் எண்ணம்.

பெயர்ச் சிக்கல் ஏழைகளுக்கு மட்டும் உரியதன்று. கோர்ன்வோல் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் என்று பெரிதும் கூறப்படும் டொலி பென்ட்ரீத், மவுசல் என்னும் கடற்கரை ஊரில் மீன் விற்றவர்; 1777 இல் காலமானார். பென்ட்ரீத் என்றாற் கடற்கரைத் தலைப்பு. மொழியியலாளரான லூயி லூசியன் பொனபாட் இளவரசர் 1860 இல் அவருக்கு நினைவுக்கல் நாட்டினார். கல்லில் இருக்கும் பெயர் பென்ட்ரீத். அடக்க ஏட்டிலோ டொலி ஜெஃப்ரி என்ற பெயரே இருக்கிறது. இவரும் அவரும் ஒருவரே என்று ஆய்வாளர் கொள்வர். ஒரு மொழியின் கடைசிக் குரலுக்கே ஏட்டில் இந்த நிலை.

கோயில் ஏட்டுக்கு வெளியே நின்றவர்களும் உண்டு. ஜோன் வெஸ்லி 1743 இல் முதன்முதலாகக் கோர்ன்வோலுக்கு வந்தார். குவெனாப் என்னும் செப்புச் சுரங்கப் பகுதியிலே, நிலம் தாழ்ந்து உண்டான ஒரு பெரும் பள்ளத்தில் நின்று 1762 முதல் 1789 வரை பதினெட்டுத் தடவை பிரசங்கித்தார். சுரங்கக் குடும்பங்கள் மெதடிஸ்த மார்க்கத்துக்குத் திரண்டன. அவர்களின் பிள்ளைகளைக் கோயிற்பற்று ஏட்டிற் காணாவிட்டால் மெதடிஸ்தச் சபைகளின் ஞானஸ்நான ஏடுகளிலே தேடவேண்டும். அந்தச் சபையின் கிளையே 1814 இல் காலியில் வந்திறங்கி, யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் பரவியது என்பதை எம்மவர் அறிவர்.

ஏழைகளின் சரித்திரத்தை ஓரளவு விரிவாகச் சொல்பவை, விசித்திரமாக, அவர்களைத் துரத்துவதற்கென்று எழுதப்பட்ட ஏடுகள். 1662 ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு கோயிற்பற்றிற் பிழைப்புத் தேடி வந்தவன் வறுமைப்பட்டால் அவனை அவனுக்குரிய கோயிற்பற்றுக்குத் திருப்பி அனுப்பலாம். அதற்காக நீதவான் அவனை விசாரிப்பார்: எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை செய்தாய், எவ்வளவு காலம், எப்போது விவாகம் செய்தாய், எத்தனை பிள்ளைகள்? செல்வந்தன் எவனும் இத்தனை கேள்விக்கு விடை எழுதி வைத்துப் போனதில்லை. செல்வர்களுக்கு மரணசாசனம் இருந்தது. அதிலும் ஒரு பெரிய ஓட்டை விழுந்தது. 1942 மே மாதம் எக்சிற்றர் நகரின்மேல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது அங்கிருந்த மரணசாசனக் காப்பகம் எரிந்து, மேற்றிராணியாரின் நீதிமன்றத்தில் உறுதியான சாசனங்கள் சாம்பலாயின. கோர்ன்வோலுக்குள்ளேயே பொட்மின் என்னும் ஊரில் வைக்கப்பட்டிருந்தவை தப்பின. 1981 இல் நூலகம் எரியக் கண்ட ஊரவருக்கு இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் ஊரில் இருந்தவரைப் பற்றியது. போனவர் கதை வேறு. கப்பல் ஏறியவர்களின் பெயர்ப்பட்டியல் பிரித்தானியத் துறைமுகங்களில் ஒழுங்காக எஞ்சியிருப்பது 1890 முதற்கொண்டுதான். கோர்ன்வோலின் பெரும் புறப்பாடு அதற்குள் பெரும்பாலும் நடந்து முடிந்துவிட்டது! ஆகவே போனவனைப் பற்றிய சாட்சி, அவன் போய் இறங்கிய ஊரில்தான் இருக்கும். தென் அவுஸ்திரேலியாவுக்கு இலவசப் பயணம் கேட்டு விண்ணப்பித்த தொழிலாளரின் 1836 முதல் 1841 வரையான பதிவேடு போல விதிவிலக்குகள் சில உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் 1820 முதல் வந்திறங்கியோரின் பட்டியல் இருக்கிறது. ஆனாற் பிறந்த இடம் ‘இங்கிலாந்து’ என்ற ஒரே சொல்லோடு முடிந்துவிடும். விக்டோரியா மாநிலத்து இறப்பு அத்தாட்சிப் பத்திரமோ ஒரு புதையல். 1853 முதல் அங்கே இறந்த ஒவ்வொருவருக்கும் தாய் தந்தையர் பெயர், பிறந்த இடம், குடியேற்ற நாட்டில் எத்தனை ஆண்டு வாழ்ந்தார், எங்கே யாரை எந்த வயதில் மணந்தார், பிள்ளைகளின் பெயரும் வயதும் என்று இத்தனை கேட்கப்பட்டன. அதே காலத்து இங்கிலாந்தின் இறப்புப் பத்திரத்தில் வளர்ந்தவரின் பெற்றோர் பெயர்கூட இராது. பல்லராட்டிலும் பென்டிகோவிலும் பொன் தேடிப் போய் மாண்டவனின் தாயார் பெயரை, அவன் பிறந்த ஊரார் அவனுடைய சாவைக் கேள்விப்படாதபோதும், பதினாறாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு பதிவாளர் எழுதிவைத்தார். சொன்னவன் பக்கத்துக் குடிசைக்காரனாயிருந்தால் விவரம் பிசகியிருக்கும் என்பதையும் மறத்தலாகாது. தகவல் தந்தவர் யார் என்ற கட்டத்தை முதலிற் பார்ப்பதே நல்ல ஆராய்ச்சியாளனுக்கு அழகு.

தென் அவுஸ்திரேலியாவில் கபுண்டா, பர்ரா, வொலரூ, மூன்டா என்ற செப்பூர்கள் கோர்ன்வோல் குடியேற்றங்களாகவே வளர்ந்தன. அந்தப் பகுதிக்குச் ‘சின்னக் கோர்ன்வோல்’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. 1856 இல் குவெனாப்பிற் பிறந்து, கைக்குழந்தையாகக் கப்பலேற்றப்பட்டு, கபுண்டாவிலும் மூன்டாவிலும் வளர்ந்து, சுரங்கத்தில் உழைத்த ஜோன் வெரன் 1910 முதல் 1912 வரை அந்த மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தார். பிற்காலத்தில் அவுஸ்திரேலியப் பிரதமரான ரொபர்ட் மென்சீஸின் தாய்வழிப் பாட்டனாரும் பென்சான்ஸ் ஊரிலிருந்து போன சுரங்கத் தொழிலாளிதான். மெக்சிக்கோவில் ரியல் டெல் மொன்டே வெள்ளிச் சுரங்கத்துக்கு 1825 இல் போனவர்களின் கதை சோகமானது. பாரமான இயந்திரங்களோடு வேராகுரூஸ் கரையில் இறங்கியவர்களிற் பலர் மஞ்சட்காய்ச்சலுக்குப் பலியாகி, மலைக்கு ஏறாமலே மாண்டனர். மிஞ்சியோர் ஏறினர். இறைச்சியும் கிழங்கும் வைத்து மடித்துச் சுடும் கோர்ன்வோல் பணியாரம், ‘பாஸ்தே’ என்ற பெயரோடு அவ்வூர்க் கடைகளில் இன்றும் விற்பனையாகிறது. மலையுச்சியில் அவர்களின் இடுகாடும் இருக்கிறது.

பெரியவர் ஒருவரின் குடும்பத்தையும் பார்ப்போம். நீராவி வண்டியைத் தண்டவாளத்தில் முதலில் ஓட்டிய ரிச்சர்ட் ட்ரெவித்திக், 1771 இல் இல்லோகன் கோயிற்பற்றிற் பிறந்தவர். பேருவின் வெள்ளிச் சுரங்கங்களுக்கு இயந்திரம் பூட்ட 1816 ஒக்டோபரில் பென்சான்ஸிலிருந்து கப்பலேறினார். பதினொரு ஆண்டு திரும்பவில்லை. கையிற் காசில்லாமல் கார்த்தஜேனாத் துறைமுகத்தில் நின்றவருக்கு, தற்செயலாக அங்கே வந்த ரொபர்ட் ஸ்டீவன்சன் 50 பவுண் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். 1833 இல் டார்ட்ஃபர்ட் என்னும் ஊரிற் காலமானார். கூட வேலை செய்தோர் செலவிட்டு அடக்கினர். குழி எதுவென்று இன்றும் அடையாளமில்லை. இந்தக் குடும்பத்திற் கிளைகள் பரவிய தூரம் வியப்பானது. பேரன் ஒருவர், ரிச்சர்ட் பிரான்சிஸ், ஜப்பானில் அந்நாட்டிலேயே கட்டப்பட்ட முதலாவது புகைவண்டி இயந்திரத்தை 1893 இல் கோபேயில் உருவாக்கினார். மற்றொரு பேரன் எகிப்தியப் புகைவண்டிப் பகுதியின் இயந்திரத் தலைவர். அவருடைய பெயர் பிரெடெரிக் ஹார்வி ட்ரெவித்திக். நடுவில் நிற்கும் ‘ஹார்வி’ பாட்டியின் பிறந்தவீட்டுப் பெயர். தாய்வழிக் குடும்பப்பெயரை இப்படி நடுவிற் செருகுவது கோர்ன்வோலில் நெடிய வழக்கம். பெண்ணின் குடி எதுவென்று ஏடுகள் சொல்லாத இடங்களிலெல்லாம் இந்த நடுப்பெயர் ஒரு திறவுகோலாகிறது.

அந்தப் பாட்டி ஜேன் ஹார்வி. கணவன் பேருவில் இருந்த பதினொரு ஆண்டும், ஆறு பிள்ளைகளையும் தம்முடைய சகோதரன் ஹென்றியின் துணையோடு வளர்த்தவர். அவருக்குச் சகோதரனின் இரும்பு வார்ப்பாலை இருந்தது. மற்றப் பெண்களுக்கு?

எனக்கு இவ்வாராய்ச்சியில் நெஞ்சைத் தொட்ட பகுதி இதுவே. 1851 முதல் 1891 வரையான குடிசன மதிப்பீட்டுத் தாள்களில், கம்போர்ன், ரெட்ரூத் பகுதி வீதிகளை வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு போனால், குடும்பத் தலைவர் என்ற இடத்திற் பெண்கள் அடுக்கடுக்காக வருவர். விதவைகளல்லர், ‘விவாகமானவர்’ என்றே குறிப்பு. தொழில் என்ற கட்டத்தில், ‘சுரங்கத் தொழிலாளியின் மனைவி’, சிலவேளை, ‘கணவர் அமெரிக்காவில்’, ‘கணவர் அவுஸ்திரேலியாவில்’ என்று கணக்கெடுத்தவன் தன் விருப்பில் எழுதிச் சேர்த்திருப்பான். கேட்கப்படாத கேள்விக்கான இந்த விடைகள் இல்லாவிட்டால் அப்பெண்களின் நிலை எமக்குத் தெரியவே வராது. பிற்காலத்தில், தென்னாபிரிக்க அஞ்சல் வரும் நாளன்று ரெட்ரூத் வீதியிலே கூட்டம் கூடுமாம். பணம் வந்தால் கடைக்காரனுக்குக் கடன் தீரும். வராவிட்டால் வறியோர் நிவாரணச் சபையின் வாசலில் நிற்க வேண்டும். லெஸ்லி ட்ரொட்டர் என்ற ஆராய்ச்சியாளர் இந்தப் பெண்களைப் பற்றியே ஒரு நூல் எழுதி 2018 இல் வெளியிட்டார். ‘விவாகமான விதவைகள்’ என்பது அன்று ஊரார் வழங்கிய பெயர். அதுவே நூலுக்கும் தலைப்பு. கைவிடப்பட்டோர் என்று எல்லாரையும் ஒரே கூடைக்குள் போட்டுவிடக் கூடாது, பலர் கணவரோடு கலந்தெடுத்த முடிவின்படி ஊரில் தங்கி வரவு செலவை நடத்திய திறமைசாலிகள் என்று அவர் காட்டுகிறார். ஏற்கத்தக்க கருத்து.

கைவிடப்பட்டோரும் இருந்தனர். ஏழு ஆண்டு தொடர்ந்து கணவன் இல்லாமல், அவன் உயிரோடிருப்பதை அறியாதவள் மறுவிவாகம் செய்தால் அவளைக் குற்றவாளியாக்க முடியாது என்று 1861 ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. அத்தகைய பெண் விவாக ஏட்டில் ‘விதவை’ என்று கீற்றுப் போட்டிருப்பாள். அதே ஆண்டில் பென்டிகோவில் அவளுடைய முதற் கணவன், ‘தாரமிழந்தவன்’ என்று சொல்லி இன்னொருத்தியை மணந்திருக்கவுங் கூடும். இருவரின் சந்ததியாரும் இன்று ஏட்டைப் பார்த்து, பாட்டி இறந்தாள் என்று அவர்களும், பாட்டன் இறந்தான் என்று இவர்களும் எழுதிவைப்பர். இரண்டு ஏடும் அரசாங்க முத்திரை பெற்றவை. இரண்டையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவனுக்கே உண்மை தெரியும்.

கோர்ன்வோல்காரர் தமிழரோடு ஒரே குழிக்குள் இறங்கிய இடமும் ஒன்றுண்டு. மைசூரிலுள்ள கோலார் தங்கவயலை 1880 இல் ஜோன் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பனி பொறுப்பேற்றது. கோர்ன்வோல் சுரங்கங்களை நெடுங்காலம் நடத்திய கம்பனி அது. மேற்பார்வைக்குக் கோர்ன்வோலிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். வெட்டுவதற்கு வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் மூலம் ஆள் பிடித்தார்கள். சம்பியன் ரீஃப் சுரங்கம் ஈற்றில் மூன்று கிலோமீற்றருக்கு மேல் ஆழம் போயிற்று. கோர்ன்வோல்காரனுக்கு அங்கே பிறந்த பிள்ளை, அங்கே கண்மூடிய மனைவி ஆகியோரைத் தேட வழியிருக்கிறது. சென்னை மாகாணத்துத் தேவாலயப் பதிவுகளின் பிரதிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. ஆங்கே பெயர், திகதி, தொழில் எல்லாம் கிடைக்கும்.

அவனோடு குழிக்குள் இறங்கிய தமிழனுக்கு அப்படி ஓர் ஏடு இல்லை. கம்பனி அவனைப் பதிய விரும்பியது கைரேகை எடுத்துத்தான். 1930 இல் அந்தக் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தங்கவயல் முழுவதும் வேலைநிறுத்தம் நடந்தது. பெயர் எழுதப்படுவதெல்லாம் நன்மைக்கென்று எண்ண அந்தத் தொழிலாளர்கள் பேதையர் அல்லர். சுரங்கம் 2001 பெப்ரவரியில் மூடப்பட்டது. அவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்னும் அந்த லயன் வீடுகளிலேயே குடியிருக்கிறார்கள். எந்த ஊரிலிருந்து எந்தக் கங்காணியோடு தாத்தா வந்தார் என்பது அங்குள்ள முதியோர் சிலருக்கு ஞாபகத்தில் இருக்கிறது, எழுத்தில் இல்லை.